மோர்ச்சா என்றால்

எழுபத்தொன்றில் போர் வருவதற்குச் சில மாதம் முன்பு, பட்டாளத்திலிருந்த என் அண்ணன் லீவில் காஞ்சிபுரம் வந்திருந்தார். எல்லையில் எங்கே தங்குவீர்கள் என்று அண்ணி கேட்டாள். என்னைவிடச் சின்னவள், பட்டு நெய்கிறவள்.

"மோர்ச்சாவுலதான்."

"அப்படின்னா?"

"கோட்டை மாதிரின்னு வெச்சிக்கோயேன்."

பட்டாளத்து இந்தி. பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சரான எனக்கும் அது புரியவில்லை.

டிசம்பரில் சண்டை மூண்டது. ஒருநாள் காலை அண்ணி தறியில் இருந்தாள். எல்லையில் நம் பதுங்கு குழிகள்மீது குண்டு விழுந்ததாக ரேடியோ சொன்னது. தறியில் குறுக்கே ஓடிய நாடா நின்றது.

"மோர்ச்சாவும் பதுங்கு குழியும் ஒண்ணாமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கோட்டைக்கு மதில் உண்டு, எதிரி ஏற முடியாது. அகழியும் எதிரியைத் தடுக்கத்தான். அரண் என்றால் காடும் மலையும்கூட அரண். பதுங்கு குழி மட்டும் நம் ஆள் இறங்கி ஒளிய வெட்டுவது.

"கோட்டைன்னாரே, குழியா? மேல கூரையாவது இருக்குமா?"

"தெரியல அண்ணி."

மிதிக்கக் கால் இறக்கும் தறிக்குழியிலிருந்து கால்களை எடுத்தவள், அவர் நலமென்று கார்டு வரும்வரை அதில் இறங்கவேயில்லை. நான் பள்ளி அகராதியைப் புரட்டினேன். எயில், இஞ்சி, புரிசை என்று மதிலுக்கே எத்தனையோ பெயர். குழியில் கிடப்பவனுக்கென்று ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

கோடையில் அண்ணன் வந்தார். இடது காது கேட்கவில்லை. சோறு போடும்போதே அண்ணி மோர்ச்சா என்றால் என்னவென்றுதான் கேட்டாள்.

"மோர்ச்சான்னா பொதுப்பேரு. நீளமா வெட்டித் திறந்து கிடந்தா டிரெஞ்ச். மேல கட்டையும் மண்மூட்டையும் போட்டு மூடினா பங்கர்."

"நீங்க எதுல இருந்தீங்க?"

"டிரெஞ்ச்ல."

"ஐயோ, கூரை இல்லாமயா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பக்கத்து பங்கருக்குக் கூரை இருந்துச்சி. குண்டு விழுந்ததும் அதுவே உள்ள இருந்தவங்க மேல உட்கார்ந்துடுச்சி. நாங்க தோண்டிக்கினே இருந்தோம். கொஞ்ச நேரம் முனகல் கேட்டுது. அப்புறம் இல்ல."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த லீவு முழுக்க அவர் திறந்த வாசலில்தான் கட்டில் போட்டுப் படுத்தார். ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. அண்ணி உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. குடையை எடுத்துப்போய் அவளும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.