வடக்குப் பக்கத்து லூவர்

அந்த ஆஸ்பத்திரியின் முகப்பைப் பார்த்து யாராவது "என்ன அழகு!" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மைசூர் ரிங் ரோட்டில் போகிறவர்கள் ஒருமுறையாவது தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நாலு மாடி உயரத்துக்கு வரிசை வரிசையாக அலுமினிய லூவர், ஒவ்வொரு தகடும் ஒரே சாய்வில், இம்மி பிசகாமல். அதை மாட்டியது நானும் என் ஆட்கள் ஐந்து பேரும்தான்.

லூவர் என்பது வெயிலைத் தடுக்க. கண்ணாடிக்கு வெளியே கொஞ்சம் தள்ளிச் சாய்வாக மாட்டுவோம். வெளிச்சம் உள்ளே வரும், வெயில் வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் அந்த முகப்பு பார்ப்பது வடக்கே. மே, ஜூனில் உச்சி வெயில் லேசாக அந்தப் பக்கம் சாயும், அவ்வளவுதான். மற்றபடி அங்கே தடுக்க வெயிலே இல்லை. சாயங்காலம் வரை வெயில் போட்டு வறுக்கிற மேற்குப் பக்கமோ முழுக்க மொட்டைக் கண்ணாடி. அங்கே பெயருக்கு ஒரு தகடு கிடையாது. மேற்கே இருப்பது ஜெனரேட்டர் அறையும் ஒரு காலி மனையும். ரோட்டில் போகிறவன் கண்ணில் படாத பக்கத்துக்கு எதற்குச் செலவு என்று நினைத்திருப்பார்கள்.

இது எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? மண்டி மொஹல்லாவில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து தகடுகளைக் கொண்டுவந்து இறக்கிய முதல் நாளே தெரியும். மத்தியானம் சாப்பிட நிழல் தேடினோம். சைட்டில் நிழல் இருந்த ஒரே இடம் அந்த வடக்குச் சுவரடிதான். வெயில் தடுப்பு மாட்டப்போகிற சுவரடியிலேயே வெயிலுக்கு ஒதுங்கி, டிபன் பாக்ஸைத் திறந்தோம். என் ஆட்களில் ஒருவன், குண்டலுபேட்டைக்காரன், "அண்ணா, இந்தச் செவுத்துக்குக் கொடை எதுக்கு? ஸ்வெட்டர் மாட்டி உட்ரலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புரையேறிவிட்டது. எஞ்சினியர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தார். டிராயிங்கில் உள்ளதை மாட்டுவதுதான் நம் வேலை என்று கையைக் கழுவிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடம் கிடைத்தது அதே ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடியில், மேற்கு ஹாலில், மத்தியான ஷிப்டில்.

நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். அந்தக் கையை அசைக்கக் கூடாது, புரண்டு படுக்கக் கூடாது. மூன்றரை மணிக்கெல்லாம் வெயில் இறங்கி நேராக அவள் முகத்தில் அடித்தது.

"ஏனுங்க, கண்ணையே தொறக்க முடியலீங்க" என்றாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

நேராகக் கட்டட மேனேஜரிடம் போனேன். திரை போட்டால் தூசி சேரும், கிருமி வரும் என்றார். கண்ணாடிக்கு வெயில் தடுக்கிற ஃபிலிம் ஒட்ட மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார். "வடக்கே இருக்கிறதுல ரெண்டு வரிசையக் கழட்டி இங்க மாட்டலாம். நானே வந்து செஞ்சு தர்றேன்" என்றேன். "ஆகல்ல, ஆகல்ல" என்று கன்னடத்தில் கையை விரித்தார். "ஃப்ரண்ட் எலிவேஷன், முகப்போட அழகே கெட்டுப்போயிடும்."

"நோயாளிக்கு ஆஸ்பத்திரி கட்டுனீங்களா, எலிவேஷனுக்குக் கட்டுனீங்களா?" என்று கத்தினேன். செக்யூரிட்டி வந்து தோளில் கை வைத்தான். அடுத்த முறை போகும்போது நியூஸ் பேப்பர் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டினேன். அதற்கடுத்த முறை பார்த்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசையின் தடம்கூட இல்லை. அதைத் துடைக்க மட்டும் ஆள் இருந்தது.

என் மனைவிக்கு என் வேலையில் பெருமை. முன்னால் இருக்கிற லூவரெல்லாம் எங்கூட்டுக்காரர் மாட்டியது என்று நர்ஸிலிருந்து ஆயா வரை எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெரியம்மா ஒருவர். ஒரு நாள் அவர், "அங்க அத்தனை மாட்டினவர் இங்க ரெண்டு மாட்டியிருக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டார்.

என் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவரு சொல்லியிருப்பாருங்க. இவனுகதான் கேட்டிருக்க மாட்டானுக."

நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து, என் நிழல் அவள் முகத்தில் விழும்படி நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக் கொதிக்கும். நர்ஸ் நாற்காலியைக் காட்டுவார். நான் அசைய மாட்டேன். கோபத்தில்தான் நின்றேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் மேனேஜர், எஞ்சினியர், டிராயிங் போட்டவன் என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். வரிசையில் முதல் ஆளை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நின்றபடியே, "நான் சொல்லலெ" என்றேன்.

"எதைங்க?"

"தப்பான பக்கம்னு எஞ்சினியர்கிட்டச் சொல்லலெ. தெரிஞ்சேதான் மாட்டுனேன். கீழ உக்காந்து சோறு தின்னுட்டுச் சிரிச்சோம். வாயே தொறக்கலெ."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி நில்லுங்க" என்றாள். "அந்தப் பெரியம்மா மூஞ்சியிலயும் அடிக்குது."

தள்ளி நின்றேன். என் நிழல் பெரியம்மா முகத்துக்குப் போனது. அவள் முகத்தில் மறுபடி வெயில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.