பெத்தித் பே தொகுதியும் ஸ்ரீ அண்ணையின் புள்ளடியும்

அறுக்குளா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது. எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஸ்ரீ அண்ணைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"ஒன்பது வோட்டு, மார்செல் அண்ணை. ஒன்பதே ஒன்பது. தகப்பன் தோத்த இடத்திலை மகன் வெண்டவன்."

"என் மீனு..." என்று இழுத்தேன்.

"மீன் எங்கை ஓடப்போகுது?"

பாரிஸில் லா ஷப்பல் ரயில் பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற மீன்கடையில் இருபத்திரண்டு வருடமாக மீன் வெட்டுகிறவர் ஸ்ரீஸ்கந்தராசா. அறுபதை நெருங்குகிறார். நான் பாண்டிச்சேரிக்காரன், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவரைவிடப் பத்து வயது மூத்தவன் என்பதால் எனக்கு 'அண்ணை' பட்டம். மற்ற எல்லோருக்கும் அவர்தான் அண்ணை.

வெட்டும் பலகைக்கு மேலே, பழைய கடை நாட்காட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் மீன் விலை என்று நினைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். அது கனடாவில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், பெத்தித் பே என்ற கடலோரத் தொகுதியின் தேர்தல் வரலாறு. பல தலைமுறைகளாகப் பிரெஞ்சு பேசி வாழும் அக்காடியர்களின் நாட்டுப்புறம் அது. நண்டு பிடிப்பார்கள், உருளைக்கிழங்கு போடுவார்கள், நாலு வருடத்துக்கு ஒருமுறை வாக்களிப்பார்கள். ஸ்ரீ அண்ணை அங்கே கால் வைத்ததே இல்லை. ஆனால் முதல் தேர்தலிலிருந்து போன தேர்தல் வரை யார் நின்றார், யார் எத்தனை வாக்கில் வென்றார் என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்வார்.

தொகுதியின் எல்லையை மூன்று தடவை மாற்றி வரைந்திருக்கிறார்களாம். அதை விளக்க அவருக்கு வரைபடம் வேண்டாம். நொறுக்கிய ஐஸின் மேல் விரலால் கோடு போடுவார். ஒரு சூடை மீன் மாதா கோயில், ஒரு நண்டு துறைமுகம். "இந்த ஆத்துக்கு மேலை இருக்கிற ஆக்களைக் கொண்டந்து சேர்த்தவுடனை சிவப்புக் கட்சி விழுந்திட்டுது, கண்டியளோ?" துறைமுகத்தைத் தூக்கி வாடிக்கையாளர் பையில் போட்டுவிட்டு வேறு நண்டை வைத்துத் தொடர்வார்.

எல்லாம் தங்கையால் வந்தது. அற்புதராணி கலியாணம் முடித்து அந்தத் தொகுதிக்குப் போனாள். கணவனுக்கு நண்டு பதப்படுத்தும் ஆலையில் வேலை. போன முதல் குளிர்காலத்தில் ஒரு வேட்பாளர் முழங்கால் பனியில் நடந்து வந்து கதவைத் தட்டி, அவளுக்கு வாக்குரிமை இல்லை என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாராம். "ஒருத்தன் வாசலுக்கு வந்து கேட்டவன், அண்ணை. கேட்டவன்!" இதை மட்டும் இருபது தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பார். பிறகு அவளுக்கு வாக்குரிமை கிடைத்தது. முதல் வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து பாரிஸுக்குத்தான் அழைத்தாள். இவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ளடி வடிவாப் போட்டனியோ?" வாக்குச் சீட்டில் பெயருக்கு நேரே போடும் பெருக்கல் குறிக்கு யாழ்ப்பாணத்தில் புள்ளடி என்று பெயர்.

அந்த ஒன்பது வாக்குத் தேர்தலில் மறுபடி எண்ணினார்களாம். பதினொரு சீட்டு செல்லாது என்று தள்ளுபடி ஆனது. ஒருவர் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் 'நன்றி' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் படகு வரைந்திருந்தார்.

"பாவம், படகுதானே ஸ்ரீ. விட்டிருக்கலாங்க," என்றேன்.

"விடேலாது. எண்ணுறவன் இரக்கம் பாத்தால் பிறகேன் எண்ணுவான்?" என்று செதிள் பறக்கச் சுரண்டினார்.

வீட்டில் இந்தக் கதைக்கு மரியாதை குறைவு. பெத்தித் பே என்று ஆரம்பித்தாலே மகள் கஜனி பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். ஒருநாள் அவளே என்னிடம் விளக்கினாள்: அப்பா எந்த நாட்டிலும் வாக்களித்ததில்லை, அதனால்தான் தூரத்து ஊர்க்காரரின் வாக்கை எண்ணிக்கொண்டிருக்கிறார். உண்மைதான். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டவர். இங்கே முப்பத்தைந்து வருடம் அகதி அட்டையிலும் வதிவிட அட்டையிலும் போனது. பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறி, குடியுரிமை பெற்றார். வாக்காளர் அட்டை வந்ததும் கணவாய் கட்டும் பையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று வந்தது. யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. வாக்குச்சாவடி எங்கள் பக்கத்துப் பாடசாலை. நான் பதினெட்டு வயதிலிருந்து ரொட்டி வாங்கப் போகிற மாதிரி போய் வாக்குப் போட்டு வருகிறவன். ஸ்ரீ அண்ணை கலியாண கோட்டும் சூட்டும் போட்டு வந்திருந்தார். மேசையில் வேட்பாளருக்கு ஒன்றாக அடுக்கியிருந்த தாள்களை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனவர், வரிசை முனகத் தொடங்கியும் வரவில்லை. வந்து உறையைப் பெட்டிக்குள் விட்டதும், தலைமை அதிகாரி அம்மா வழக்கப்படி "ஆ வோத்தே!" என்று உரக்க அறிவித்தார். இவர் வாக்களித்துவிட்டார் என்று ஊரறியச் சொல்வது அது. ஸ்ரீ அண்ணை அவருக்கு மூன்று தடவை மெர்சி சொன்னார், அங்கிருந்த எல்லோருக்கும் கை கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு வாக்கு எண்ண ஆள் வேண்டும் என்று கேட்டபோது தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

எட்டு மணிக்கும் ஜன்னலில் வெயில் இருந்தது. மொத்தம் நான்கு மேசை. எங்கள் மேசையில் அவர் உறையைப் பிரித்துத் தாளை என்னிடம் தர வேண்டும், நான் பெயரை உரக்க வாசிக்க வேண்டும், எதிரே இருந்த இரண்டு பெண்கள் கோடு போட வேண்டும். தலைமை அதிகாரி விதிகளைச் சொன்னார். கிழிந்த தாள் செல்லாது. எழுத்தோ குறியோ உள்ள தாள் செல்லாது.

ஸ்ரீ அண்ணையின் முகம் வெளிறியது. என் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, நான் புள்ளடி போட்டனான்."

"என்னது?"

"அந்தத் தாளிலை ரெண்டு பேர் இருந்தது. மேலை ஒராள், கீழை ஒராள். ஆருக்கெண்டு அவைக்குத் தெரிய வேண்டாமோ? மேலை இருந்தவருக்குப் போட்டனான். சின்னன்தான்."

கீழே இருந்தது மாற்று ஆளின் பெயர். வென்றவர் இடத்தை விட நேர்ந்தால் வருகிறவர். இங்கே தாளைத் தேர்ந்தெடுத்து உறைக்குள் வைத்தால் போதும், பேனாவுக்கு வேலையே இல்லை. இத்தனை வருடம் பெத்தித் பே கதையைக் கேட்ட நான், இந்த ஒரு வரியை அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அந்தத் தாள் வேறு மேசைக்குப் போய்விடட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது உறைக்கட்டைப் பிரிக்கும்போது அவர் விரல் நின்றது. தாள் என் கைக்கு வந்தது. பெயருக்குப் பக்கத்தில் நீல மையில், கடுகளவு புள்ளடி. எதிரே இருந்த பெண்கள் தலை குனிந்து அடுத்த பெயருக்குக் காத்திருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. மனிதன் முப்பத்தைந்து வருடம் காத்திருந்து போட்ட வாக்கு. வாசித்துவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன்.

"வாசிக்காதேங்கோ, அண்ணை."

"விடுங்க ஸ்ரீ, ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமல்லோ." சிரித்தார். ஒப்புக்கு இல்லை, சந்தோஷமாகவே சிரித்தார். "இரண்டாம் சுத்து அடுத்த ஞாயிறு இருக்குது. அதிலை பிழைக்க மாட்டன்."

என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். கலியாண கோட்டை இழுத்துச் சரிசெய்தார். "மதாம்!" என்று கூப்பிட்டு, தூரத்து மேசையில் இருந்த அதிகாரிக்கு நன்றாகத் தெரியும்படி தாளை உயர்த்திப் பிடித்து, புள்ளடிக்கு நேர் கீழே விரலை வைத்துக் காட்டினார்.