பிளாப்பிக்கு வைத்த பொட்டு

என் மகள் வேலை பார்த்த பதுளைக் கந்தோரில் கொம்பியூட்டருக்கென்று ஒரு தனி அறை கொடுத்திருந்தார்கள். பழைய பைல்கள் அடுக்கிக் கிடந்த அறை அது. அதைக் காலியாக்கி, வெள்ளை அடித்து, யன்னலுக்குத் தடித்த திரை போட்டு, மூலையில் ஒரு மேசை விசிறியும் வைத்தார்கள். அந்தக் கந்தோரில் மனேஜருக்குக்கூட விசிறி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுற்றியிருந்த சில தேயிலைத் தோட்டங்களின் செக்ரோல், அதாவது யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்கிற பேர்ப்பதிவு, அந்த மெஷினுக்குள் இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் அங்கே என் மகள் ஒருத்திதான். கண்டியில் ஒரு வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தாள்.

மெஷின் வந்த நாளிலிருந்தே அடிக்கடி மக்கர் பண்ணியது. ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். பாதை திறந்திருக்க வேண்டும், ரயில் ஓட வேண்டும், அந்த மனிதருக்கும் எங்கள் பக்கம் வர மனம் வேண்டும். அந்தக் காலத்தில் மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். மனேஜர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், இன்னும் ஒரு தடவை நின்றால் மெஷினைக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஏற்றிவிடப்போவதாகவும், மகள் விரும்பினால் அதோடு அங்கே மாறிப் போகலாம், இல்லாவிட்டால் தனக்கு வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு இடமாற்றம், அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. எண்பத்து மூன்றில் கலவரம் நடந்த அந்த ஜூலையில் அவள் கொழும்பில் ஒரு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் கிடந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் அவள் வந்து வாசலில் நின்றபோது வேறு யாருடையதோ செருப்பைப் போட்டிருந்தாள். ஒரு காலுக்குப் பெரிது, ஒரு காலுக்குச் சிறிது. அதைக் கழற்றச் சொன்னபோது, "இருக்கட்டும்மா, நல்ல செருப்பு" என்றாள். அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறும் ஒவ்வொரு நாளும் அது கண் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். நமுனுகுலப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சர். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அவளோடு கூடவே பஸ் ஏறிக் கந்தோருக்குப் போய்விடுவேன். வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். அவளுக்கு அது வெட்கம். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் போவேன்.

நான் சொல்ல வந்தது ஒரு விஜயதசமிச் சனிக்கிழமையைப் பற்றி.

அன்று காலை கந்தோரில் முதல் நாள் பூசையின் வாசம் இன்னும் இருந்தது. தட்டச்சு மெஷின், கூட்டல் மெஷின், கொழுந்துத் தராசு, வெளியே நின்ற ஜீப் எல்லாவற்றின் மீதும் சந்தனமும் குங்குமமும். மகள் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து மெஷினை எழுப்பத் தினமும் போடும் கறுப்பு பிளாப்பி டிஸ்கை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெஷினுக்குள் சொருகிச் சுவிட்சைப் போட்டாள். கர், கர் என்று அம்மி கொத்துவதுபோல ஒரு சத்தம். பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. டிஸ்கில் பிழை, வேறு டிஸ்க் போடு.

அவள் டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு அதில். அந்த வழியாகத்தான் உள்ளே இருக்கும் தகடு தெரியும். சரியாக அந்த இடத்தில், அளவெடுத்தாற்போல, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

"ஐயா," என்று பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "இதுக்குப் பொட்டு வச்சது யாருங்க?"

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையிலேயே நரைத்தவர். "நான்தான் வைச்சனான் பிள்ளை," என்றார் பெருமையாக. "நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்தது. அதிலை வைச்சன்."

"அது நெத்தி இல்லீங்க ஐயா. கண்ணு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பேச்சுக் கேட்டு ஜீப் டிரைவரும் வாசலில் வந்து நின்றார். முதல் நாள் பின்னேரம் மகள் பஸ்ஸைப் பிடிக்கப் போன பிறகு நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. இந்த டிஸ்க் ஏடா, ஆயுதமா என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்திருக்கிறது. ஏடென்றால் படத்துக்கு முன்னால் வைத்துப் பூப்போட வேண்டும், பொட்டு வைக்கக் கூடாது. ஆயுதமென்றால் பொட்டு வைத்தே ஆக வேண்டும்.

"எழுத்து இருக்குதெல்லே, அப்ப அது ஏடுதான் எண்டு நான் சொன்னன்," என்றார் கிளாக்கர்.

"எழுதுறது மெஷினு. மெஷினுக்குள்ள போற சாமான் ஆயுதம்தானேன்னு நான் சொன்னேன் பாப்பா," என்றார் டிரைவர். "கடைசியில ரெண்டு மரியாதையும் செஞ்சுருவோம்னு முடிவு பண்ணுனோம்."

"உறையில இருந்துச்சே?" என்றாள் மகள்.

"உறையோட சாமிக்கு முன்னாலை வைக்கிறதே பிள்ளை? கழட்டிப்போட்டுத்தான் வைச்சன்."

மகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சால் துடைத்துப் பார்க்கலாமா என்று கிளாக்கர் கேட்டார். தொடவே கூடாது என்றாள். "மனேஜர் கிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். மனேஜர் அன்று கொழும்பில் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் டெலிபோன் எடுத்து விசாரிப்பது அவர் வழக்கம்.

ஒரு டிஸ்க் போனதற்கு ஏன் மெஷினே படுத்துவிட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே பெரிய டிஸ்க் ஒன்று இருக்கிறது, செக்ரோல் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். கேட்டேன்.

"காலையில பெரட்டுக்களத்துல எல்லாரும் கூடையோட வந்து நிக்கிறாங்கம்மா. கங்காணி வந்து பேர் கூப்பிட்டு, நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போன்னு சொல்லணும்ல? அவரு வராட்டி எல்லாரும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. இந்த மெஷினுக்கு அந்தக் கங்காணி இந்தச் சின்ன டிஸ்க்லதான் இருந்தாரு. தினம் காலையில நான் அவரைக் கூட்டிக்கிட்டு வந்து விடணும்."

"அப்ப அவரை உள்ளேயே குடி வச்சிட்டா என்ன?"

நான் ஏதோ வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கொழும்பு ஆளு அதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும்," என்றாள்.

கண்டி வகுப்பில் கொடுத்த டிஸ்க் ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதிலும் மெஷினை எழுப்பும் சாமான் இருந்தது. அதை எடுத்தபோது பெரிய கிளாக்கர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு போய் நின்றார். மெஷின் எழும்பியது. எனக்கு உயிர் வந்தது. இனி என்ன, இந்த டிஸ்கையே வைத்துக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

"இதுவும் ஒருநாள் போயிரும்மா. அப்ப மறுபடியும் கொழும்பு."

ஏதோ கட்டளை தட்டினாள். கங்காணியை உள்ளே அனுப்பும் கட்டளை. மெஷின் மாட்டேன் என்றது. உள் டிஸ்கில் அவருக்கு இடம் இல்லையாம். வேறெங்கோ இடம் இருக்கிறது, ஆனால் அவர் குடியிருக்க வேண்டியது வாசல் பக்கத்து முதல் அறை. அங்கே வேறு சாமான்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டன. இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான் என்றாள். உள்ளே இருப்பது எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குகளில் பிரதி எடுத்துவிட்டு, பெரிய டிஸ்கை முழுதாக அழித்து, கங்காணியை முதலில் உட்காரவைத்து, பிறகு மற்றதை எல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

"அழிக்கிறதா?" என்றோம் மூன்று பேரும்.

"ஆமாங்க."

அலுமாரியில் இருந்த புது டிஸ்க்குகளை எடுத்துப் பிரதி எடுக்கத் தொடங்கினாள். ஒன்று நிரம்பினால் அடுத்தது. ஒவ்வொன்றையும் உறைக்குள் போட்டு என் கையில் தந்தாள். நான் வெளிப்புறத்தில் இலக்கம் எழுதினேன். அழுத்தி எழுதாதீங்க, பென்சில் வேணாம், விளிம்பைப் பிடிங்க என்று எனக்குப் பாடம் நடந்தது. கொப்பியில் கோடு போடத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் நான் பேசும் அதே குரல். கோபம் வரவில்லை. எனக்குப் பிறந்ததுதானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரதி எடுத்து முடித்து, ஒவ்வொன்றையும் திறந்து படிக்க முடிகிறதா என்று பார்த்தாள். பிறகு அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். திரையில் எச்சரிக்கை வந்தது. நிலையான டிஸ்கில் உள்ள யாவும் இழக்கப்படும், தொடரவா, வேண்டாமா? எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிந்ததற்காக நான் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

"வேணாம் புள்ள," என்று அவள் தோளைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, கையை எடுங்க. மெஷின் கேக்குறது என்னையத்தான், உங்களை இல்ல."

டிரைவர் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மேகம் நமுனுகுலப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இடித்தால் கரண்ட் போகும். பாதி அழித்திருக்கும்போது போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. "முருகா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளு," என்று கிளாக்கர் முணுமுணுத்தார். மகள் சம்மதத்துக்குரிய எழுத்தைத் தட்டினாள்.

அது முடியும்வரை நான் அந்த மெஷினின் சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது என்றாள். தன் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. உள்ளே ஒரு பேர்கூட இல்லை; எல்லாரும் என் மடியில் உறைகளுக்குள் இருந்தார்கள். மகளின் உதடு காய்ந்திருந்தது. அந்த ஜூலைக்குப் பிறகு அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கொழும்பு என்ற ஊர் ரயிலேறி வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

"தண்ணி குடிக்கிறியா?" என்றேன்.

"பேசாதீங்கம்மா."

கண்ணை மூடிக்கொண்டாள். கண்டி வகுப்பறையை நினைத்துப் பார்க்கிறாள் என்று விளங்கியது. பிறகு தலையில் தட்டிக்கொண்டாள். "குடி வச்சேன். கதவு எதுன்னு சொல்லல."

பெரிய டிஸ்கைப் பகுதியாகப் பிரித்திருப்பார்களாம். எந்தப் பகுதியிலிருந்து எழும்புவது என்று ஒரு அடையாளம் போட வேண்டும். கொழும்பு ஆள் போடவில்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை. தன் டிஸ்கை மறுபடி சொருகி ஒரு பட்டியலை வரவழைத்தாள். அவள் விரல் விசைகளுக்கு மேலே நின்றபோது நான் மூன்றாவது வரியில் 'நீக்கு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிட்டேன்.

"அது அழிக்கிறது!"

"அதை நான் தொடல. இது ரெண்டாவது. ஐயா, எங்கம்மாவை வெளியில கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"ரீச்சர் நிக்கட்டும் பிள்ளை," என்றார் கிளாக்கர். "அவவும் போனால் நான் தனிய நிண்டு பயப்பிட வேணும்."

இரண்டாவதைத் தட்டினாள். டிஸ்கை எடுத்தாள். அணைத்தாள், போட்டாள். உள்ளே ஏதோ உருண்டது. ஆங்கிலத்தில் தேதி கேட்டது, நேரம் கேட்டது. இரண்டையும் கொடுத்ததும் இடது மூலையில் ஒரு எழுத்தும் ஒரு குறியும் வந்து நின்றன. சின்ன டிஸ்க் போடும் வாய் வெறுமையாகத் திறந்திருந்தது. டிரைவர்தான் முதலில் கை தட்டினார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கியிருக்காது. மகளின் முகத்தைப் பார்த்துத் தட்டினார். உறைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து எல்லாப் பேர்களையும் உள்ளே அனுப்பி முடித்தபோது வெளியே மழை கொட்டியது. கரண்டும் போனது, வந்தது. மெஷின் யாரும் எதுவும் சொருகாமலே தானாக எழும்பியது.

மனேஜர் டெலிபோன் எடுத்தார். மகள் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். பொட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது என்றாள். கிளாக்கர் நெற்றியில் கைவைத்து அவளுக்குக் கும்பிடு போட்டார். மெஷின் பதுளையிலேயே இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. நான் வாங்கில் உட்கார்ந்தேன். பிறகு அவள் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றாள். கடைசியில் ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கொழும்புல இதே மாதிரி இன்னும் ரெண்டு மெஷின் நிக்குதாம்மா. ஒருக்கா வந்து செஞ்சு குடுத்துட்டுத் திரும்பிரலாமாங்கிறாரு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாமாம்."

"நீ என்ன சொல்றே?"

"எனக்குப் போகணும்மா." பிறகு மெதுவாக, "பயமாத்தான் இருக்கு. ஆனா போகணும்," என்றாள்.

கிளாக்கரும் டிரைவரும் என்னையே பார்த்தார்கள். டெலிபோனுக்குள் மனேஜரும் காத்திருந்தார். வேண்டாம் என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அவள் என் கையை எடுக்கச் சொல்லிவிட்டு அந்த எழுத்தைத் தட்டியதை நான் சற்று முன்தான் பார்த்திருந்தேன்.

"நானும் வர்றேன்னு சொல்லு," என்றேன்.

அவள் ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். "சேர், மை மதர் இஸ் ஆல்சோ கமிங்." மனேஜர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. எங்கள் கிளாக்கரும் அதில் சேர்ந்துகொண்டார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே மற்றக் கையால் என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.