ரிட்ஜ் காட்டு வழியில் வந்த வளையல்

எண்பதுகளின் தொடக்கம். டில்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நானும் மனைவியும் குடியிருந்தோம். மத்திய அரசு குமாஸ்தாவான எனக்கு அப்போது இரண்டே சொத்துகள்: ஒரு பழைய சைக்கிள், அதைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமை. இரண்டில் பெருமைதான் கனம் அதிகம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு காலண்டர். ஆபீஸ் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுத்த பிரெஞ்சுக் காலண்டர். ஜூன் மாதப் படத்தில் மலைச்சரிவு, அடர்ந்த காடு, நடுவே வளைந்து போகும் சரளைப் பாதை. பஸ் இல்லை, லாரி இல்லை. தொப்பி போட்ட ஒரே ஒரு ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பான். நவம்பர் வந்த பிறகும் நான் அந்தத் தாளைத் திருப்ப விடவில்லை. தேதி தெரிய வேண்டுமானால் மனைவி பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ப் பார்த்து வருவாள்.

டில்லியிலும் அப்படி ஒரு வழி இருந்தே தீர வேண்டும் என்று அலைந்து, கண்டும் பிடித்துவிட்டேன். தௌலா குவானுக்கும் ராஜேந்தர் நகருக்கும் நடுவில் கிடக்கும் ரிட்ஜ் காட்டுக்குள், மேடும் பள்ளமுமாகச் சிவப்புச் சரளைப் பாதை ஒன்று போகிறது. காலண்டரில் இருந்த மரங்களுக்குப் பதிலாக இங்கே சீமைக்கருவேலம். அவ்வளவுதான் வித்தியாசம். ஞாயிறுதோறும் நானும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு அதில் போய்வருவேன். திங்கட்கிழமை காலையில் ஆபீசில் அதை வர்ணிப்பேன். சாயங்காலம் பஞ்சர் ஒட்டுவேன்.

அந்த வருஷம் மனைவிக்கு ஏழாம் மாதம். முந்தைய முறை குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம். எதற்கும் ஜோக் அடிக்கும் நான்கூட அதைத் தொட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மாமியார், வளைகாப்புக்கான கண்ணாடி வளையல்களை ஊர் அம்மன் காலடியில் வைத்து எடுத்து, இரண்டு நாள் ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார். ராஜேந்தர் நகரில் மைத்துனன் வீட்டில் தங்கியிருந்தார்.

புதன்கிழமை காலை விசேஷம். சீர் கொண்டுவருகிறவர் அன்றுதான் எங்கள் வாசலில் கால் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வளையல் மட்டும் முதல்நாள் சாயங்காலமே எங்கள் வீட்டு விளக்கின் முன்னால் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம்தான். இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் ஆறேழு மைல் கிடந்தது. ஓடுவதற்கு ஒரு மாப்பிள்ளை இருந்தான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சைக்கிளில் ராஜேந்தர் நகர் போய் நின்றேன்.

"அத்தான், ஆட்டோ பிடிச்சுத் தாரேன். கண்ணாடி வளையலாச்சே" என்றான் மைத்துனன்.

"ஆட்டோ குலுக்குற குலுக்கல்ல பொடியாயிரும்டா. என் வழியில ஒரு வண்டி கிடையாது."

"அது கல்லு ரோடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டயர்ல காத்தைக் குறைச்சிருக்கேன். மெத்தையில போற மாதிரி இருக்கும்."

மாமியார் என் டயரையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "எதுக்கும் தோள்ல மாட்டிக்கிடுங்க மாப்ள" என்று ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். வளையல் பெட்டிக்கு மேலே, அம்மனுக்குப் படைத்து, இரண்டு நாள் ரயில் சூட்டில் பழுத்து மணக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பயப்படத் தோன்றவில்லை.

டில்லியில் அனுமார் பக்தர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ரிட்ஜுக்குப் போய்க் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். டில்லியில் ஒவ்வொரு குரங்குக்கும் தெரிந்த இந்த விஷயம், ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காரனான எனக்குத் தெரியாது.

முதல் திருப்பத்தில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அடுத்த திருப்பத்தில் பத்து. அத்தனையும் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பாசம்! பிரான்சில் இதெல்லாம் கிடைக்குமா என்று நினைத்து, தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வேறு வைத்தேன். அடுத்து ஏற்றம். காற்றுக் குறைந்த டயர் சரளையில் புதைந்து சைக்கிள் நின்றது. நான் இறங்கினேன். அவற்றின் கணக்குப்படி, ஆள் இறங்கினால் பழம் வரும். பெரிய குரங்கு ஒன்று எழுந்து வந்து, ரேஷன் கடையில் வாங்குவதுபோல நிதானமாக என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது.

நான் முதலில் அதட்டினேன். பிறகு கெஞ்சினேன். தமிழில் ஆரம்பித்து, ஆபீஸ் இங்கிலீஷில் வேண்டி, கடைசியில் இந்தியில் "பாயி சாப்", அண்ணாச்சி என்று கைகூப்பினேன். தொப்பியை வீசினேன். ஒரு குட்டி அதைப் போட்டுக்கொண்டது. மேலே பழம் தீர்ந்ததும் பெட்டி திறந்தது. பெரியவர் பச்சை வளையல் ஒன்றை எடுத்து, கண்ணருகே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

அப்போது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். ராஜஸ்தான் பக்கத்துப் பாவாடை, முழங்கை வரைக்கும் அரக்கு வளையல். என் மனைவி வயதுதான் இருக்கும்.

"ஆஜ் மங்கள்வார் ஹை, பாபுஜி! செவ்வாய்க்கிழமை யாராவது பழத்தோட இங்க வருவாங்களா?" என்று இந்தியில் கேட்டாள். பையில் என்ன இருக்கிறது என்றும் கேட்டாள். வளைகாப்புக்கு இந்தியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்து, முதுகைச் சாய்த்து, நான்கு எட்டு நடந்து காட்டினேன். குரங்குகள்கூட மெல்லுவதை நிறுத்தின.

"அச்சா, கோத் பராயி!" என்றாள். அவர்கள் பக்கத்து வளைகாப்புக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. சிரிப்பு சட்டென்று நின்றது. தன் மூட்டையை அவிழ்த்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த இரண்டு ரொட்டியையும் தரையில் போட்டாள். "திரும்பி உட்காருங்க. நீங்க பார்க்கப் பார்க்க, அது ஏதோ பெரிய பொருள்னு நினைச்சுக்கிட்டு விடவே விடாது."

மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையிலேயே நீளமான ஐந்து நிமிஷம் அது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. குரங்கு இறங்கிய சத்தம் அல்ல. பெட்டி சரளையில் விழுந்த சத்தம்.

நான்கு டஜனில் ஒன்றரை டஜன் பிழைத்திருந்தது. மற்றதெல்லாம் பச்சையும் சிவப்புமாகச் சில்லுகள். அம்மன் காலடி வளையல், அதுவும் இந்தத் தடவை. நான் என்னதான் கோமாளி என்றாலும், அந்தச் சரளையில் மண்டி போட்டுக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவள் தன் தலைமுடியில் தடவியிருந்த எண்ணெயைக் கையால் வழித்து மணிக்கட்டில் தேய்த்து, இறுகியிருந்த இரண்டு சிவப்பு அரக்கு வளையல்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். நான் பர்சை எடுத்தேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கா கொடுக்கிறேன்? அவளுக்குக் கொடுக்கிறேன்!"

விறகுக் கட்டைத் தூக்கிவிடலாம் என்று குனிந்தேன். ஒரு பக்கம்கூட எழும்பவில்லை. அவளே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "ஜல்தி, சீக்கிரம் போங்க, பாபுஜி. மறுபடியும் இறங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பொய் தயார் செய்தேன். மனைவி பெட்டியைத் திறந்தாள். மூடியில் பல் பதிந்திருந்தது. மூன்று பொய்யும் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அரக்கு வளையல்களை விளக்கின் முன்னால் முதலில் வைத்தாள். பக்கத்தில் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். பிறகு சுவரருகே போய் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வரிசையாகக் கிழித்தாள்.

மறுநாள் எல்லா வளையலுக்கும் முன்னால் அந்த இரண்டும்தான் அவள் கையேறின. மாமியார் புருவத்தைச் சுருக்கினார். "இது நாங் கொண்டாந்தது இல்லியே?"

"வர்ற வழியில ஒரு அம்மன் கொடுத்தாளாம், அம்மா" என்றாள் மனைவி.

மாமியார் என் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கண்ணாடி வளையலை எடுத்து அடுத்ததாகப் போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஒரு புடவையும் கொஞ்சம் இனிப்பும் எடுத்துக்கொண்டு எத்தனையோ செவ்வாய்க்கிழமை அந்தப் பாதையில் தேடினேன். குரங்குகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. அவளைத்தான் காணவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் எத்தனையோ சொந்தபந்தம் இருந்தும், என் மகளுக்கு முதல் சீர் செய்த உறவுக்காரி, தன் மத்தியானச் சாப்பாட்டைக் குரங்குக்குப் போட்டுவிட்டுப் பசியோடு நடந்துபோன அந்தப் பெயர் தெரியாத பெண்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.