மண்ணைத் தள்ளி மூடிய எல்லைக்கல்

தபால் வழியில் தத்துவம் படித்தவன் நான். மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டில் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்காத ஆளில்லை. பிடித்தது, படித்தேன். அவ்வளவுதான்.

பாடத்தில் முன்னூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக்காரர் வருவார். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவன் உழைத்தால் அது அவனுடையதாகிவிடும் என்பார். அவரை எனக்கு உடனே பிடித்துப்போனது. காரணம் இருந்தது. என் காட்டின், அதாவது என் நிலத்தின், ஓரத்தில் நான்கு சில்வர் ஓக் மரங்கள். என்னுடையவை என்று நினைத்து அவற்றின் அடியில் மிளகுக் கொடி நட்டு, எரு வைத்து, கட்டி ஏற்றியது நான். வருடக்கணக்கில் பறித்தும் வந்தேன். ஒருநாள் கிழங்குக்குக் கொத்தும்போது மண்வெட்டியில் எல்லைக்கல் இடித்தது. மரங்களுக்கு இந்தப் பக்கம், என் கிழங்குக்கு நடுவே. அப்படியானால் நான்கு மரமும் பக்கத்துக் காட்டுக்காரியுடையவை. கல்மேல் மண்ணைத் தள்ளி மூடினேன். உழைத்தவன் நான்தானே என்று இங்கிலாந்துக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அவர் சொன்னதை வசதியாக மறந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் தன் நிலத்தை அளக்க சர்வேயரைக் கூட்டிவந்தாள். கல் கிடைக்கவில்லை. இன்னொரு நாள்தான் வர வேண்டும் என்றார் அவர்.

"எதுக்குங்க மறுபடி மலையேறி வரணும்? அண்ணன் தெனமும் இந்த மண்ணுல கெடக்கறவரு. அவரு காட்டற எடத்துல நட்டுருங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குப் புத்தி இருக்குதா அம்மிணி? எல்லைய எவளாவது பக்கத்துக் காட்டுக்காரனக் கேப்பாளா?"

"வேற யாரக் கேக்கறதுங்ணா?"

"நான் திருடனா இருந்தா?"

"இருந்தா இப்பிடிக் கத்துவீங்களாங்க?"

சர்வேயர் சிரித்தார். நான் மண்வெட்டியை எடுத்துப் போய் நான்கே கொத்தில் கல்லை வெளியே தெரியவைத்தேன். "ரெண்டு வருசமாத் தெரியும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுருங்கியது. கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டாள். பிறகு, "மரம் எம்பட காட்டுதுங்க. கொடி நீங்க நட்டது. பிச்சா எடுக்க முடியும்? நீங்களே ஏறிப் பறிங்க, ஆளுக்குப் பாதி. எனக்கு ஏணி ஏறுனா தல சுத்துது" என்றாள்.

அதே பாடத்தில் ஒரு ஜெர்மன்காரரும் உண்டு. கடமை என்பதற்காகவே செய்ததற்குத்தான் மதிப்பு, இரக்கத்தில் செய்தாலும் பெயருக்காகச் செய்தாலும் மதிப்பில்லை என்பார். நான் செய்தது கோபத்தில். அவரிடம் எனக்குப் பூஜ்யம்தான். ஆனால் அந்தக் கோபம் அவள்மேல் வந்ததல்ல. செய்ய வேண்டியது இரண்டு வருடமாகத் தெரிந்தும் செய்யாத என்மேல் வந்தது. அதை அந்த மனிதர் எதில் சேர்ப்பாரோ, அவர் பாடு. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

இந்த வருடக் காய்ப்பு நல்ல காய்ப்பு. நான் ஏணிமேல், அவள் கீழே சாக்கோடு.

"உச்சியில ரெண்டு கொத்து உட்டுட்டீங்களே!"

"குருவிக்கு உட்டிருக்கறேன்."

"தருமம் பண்றதுன்னா உங்க பாதியில பண்ணுங்க. எம்பட பாதியில எதுக்குங்க?"

இன்னும் இரண்டு படி ஏறினேன்.