இமை வீங்கிய வாரம்

பிள்ளைகளா, நீங்கள் சின்னதாக இருந்தபோது ஒரு வாரம் நான் உங்களோடு ஒரே சகன் தட்டில் சேர்ந்து சாப்பிடவில்லை. நீங்கள் மூன்று பேரும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் மட்டும் வாசல் பக்கம் தனித் தட்டோடு இருந்தேன். "அத்தா கோவமா கீறாரா?" என்று பெரியவன் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கோபமில்லை, பயம். அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இப்போது தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாம் செங்கல்பட்டில் குடியிருந்தோம். மகாபலிபுரம் போகும் வழியில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடம். அங்கே குரங்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புது மருந்து எதையும் மனிதருக்குக் கொடுக்குமுன் ஓர் உயிரில் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். எந்த மருந்து, எதற்கு என்பதெல்லாம் டாக்டர்களுக்குத்தான் தெரியும். தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, இதெல்லாம் நான்.

அந்தக் குரங்குகளுக்குக் காசநோய்ச் சோதனை அவ்வப்போது உண்டு. மேல் இமையில் ஒரு துளி மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். இமையில் ஏன் என்று கேட்பீர்கள். வேறெங்கே போட்டாலும் பார்ப்பதற்கு மறுபடி பிடிக்க வேண்டும். இமை என்றால் கூண்டுக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம். நோய் இல்லையென்றால் கண் எப்போதும்போல் இருக்கும். இருந்தால் இமை வீங்கிக் கண்ணை மூடிவிடும்.

அந்த முறை ஊசி போட்ட மறுநாள் காலை, என்னோடு கூண்டு கழுவுகிறவர் கூப்பிட்டார்.

"இன்னா பாய், உன் ஆளு உன்னப் பாத்துக் கண்ணடிக்குது. வூட்ல தெரியுமா?"

நானும் சிரித்துக்கொண்டே போனேன். அது நடுத்தர வயதுப் பெண் குரங்கு. நான் போய் நின்றால் கம்பி வழியாகக் கையை விட்டு என் முழங்கை முடியைப் பிரித்துப் பேன் தேடும். அன்றும் கையை நீட்டியது. இடது கண் பாதிதான் திறந்திருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். அதைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னார். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"இது காட்டுல குரங்குக்குத் தானா வர்ற நோய் இல்லப்பா. மனுஷங்ககிட்டேர்ந்துதான் போவும். உங்கள்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

கூண்டு கழுவுகிறவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். அதுவே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. எனக்கு இரண்டு மாதமாக இருமல்.

எல்லோரும் எக்ஸ்ரே எடுத்து வர வேண்டும் என்றார்கள். சாயங்காலம் வேனில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை தொண்டையில் வந்து வந்து நின்ற இருமலை எச்சிலோடு விழுங்கிக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்துதான் தனித் தட்டு. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டாள். என் டம்ளரை நானே கழுவித் தனியாகக் கவிழ்ப்பதைப் பார்த்த பிறகு பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மறைக்கறீங்க?"

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மனசுல வச்சுக்கினு கம்முனு கீறீங்களே, கொயந்தைங்க கீற வூடு இது. சின்னதும் இருமிக்கினு கீது, உங்க காதுல வியலயா?"

விழுந்தது. அதுதான் என் பயமே. சின்னவளே, நீ என் மார்பின் மேல் படுத்துத் தூங்கிய பிள்ளை. நான் குரங்குக்குக் கொடுத்தேனா, குரங்கு எனக்குக் கொடுத்ததா என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். உனக்குக் கொடுத்துவிட்டேனா என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் உன்னையும் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு மார்புப் படம் எடுத்தார்கள், சளி கேட்டார்கள். உனக்கு முன்கையில் ஒரு சின்ன ஊசி. ஊசி போட்ட டாக்டரம்மா மருந்தின் பெயரைச் சொன்னார். அதே மருந்து. நாங்கள் இமையில் போடுவது.

"மூணாம் நாள் கூட்டினு வாங்க, தடிப்பு வருதான்னு பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "வந்தாலும் பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. நல்லாயிடும்."

அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஏனென்றால் நான் வேலை பார்த்த இடத்தில் வீக்கத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். அங்கே மாத்திரை கிடையாது. ஒன்றுக்கு வந்தால் மற்ற குரங்குகளுக்கும் பரவும், ஆராய்ச்சியும் கெடும் என்று அதை முடித்துவிடுவார்கள். மனிதருக்கு அப்படியில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உன் கையைப் பார்த்தபோதெல்லாம் எனக்குக் கூண்டு வாசல்தான் தெரிந்தது.

அடுத்த நாள் ஊசி போட்ட இடம் சிவந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"அத்தா, கொசு கட்ச்சா மாரி கீது" என்றாய். சொறியப் போனாய். நான் போட்ட சத்தத்தில் அழுதுவிட்டாய்.

"பாத்துப் பாத்தே அந்தக் கை தேஞ்சிடப் போவுது, வுடுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே உன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா உன் கையின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போலிருந்தது.

"சிவப்பு கணக்கு இல்லீங்க. தடிப்புதான் கணக்கு. நீங்களே தொட்டுப் பாருங்க, மேடே இல்ல. இது வெறும் சளி."

தொட்டேன். சமமாக இருந்தது. என் படமும் சளியும் சுத்தம் என்றார். என்ன வேலை என்று கேட்டு, கூண்டு கழுவும் பிளீச்சிங் பவுடர் நெடிதான் இருமலுக்குக் காரணமாக இருக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். உன்னை வீட்டில் விட்டுவிட்டு மதியம் வேலைக்குப் போனேன்.

அங்கே நிச்சயப்படுத்திக்கொள்ள அந்தக் குரங்கின் இன்னொரு இமையிலும் ஊசி போட்டிருந்தார்கள். அதுவும் வீங்கியிருந்தது. யார் வருகிறார்கள் என்று சரியாகப் பார்க்க முடியாமல், என் வாசனையை வைத்துக் கையை நீட்டியது. கடைசி மயக்க ஊசி போடும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். வேறு ஆள் பிடித்தால் மிரளும்.

அறுத்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நுரையீரல்ல பழைய கட்டிப்பா. இங்க வர்றதுக்கு முன்னாடியே வாங்கிக்கினு வந்திருக்கு. சுற்றுலா வர்றவங்க கையில வாங்கித் தின்ன குரங்குதான். வந்தப்போ செஞ்ச சோதனையிலயும் அப்புறமும் தப்பிச்சிருக்கு. நீ கொடுத்தது இல்ல."

கூண்டு கழுவுகிறவர் என் தோளில் தட்டினார். "மன்ச்சுக்கோ பாய், நான் வேற பேஜாரு பண்ணிட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, என் மேல் குற்றமில்லை என்று எனக்குள் அத்தனை நிம்மதி. அந்த நிம்மதி வந்த நேரத்தில் என் முழங்கையில் அதன் விரல் பட்ட இடமும் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

அதன் உடலைப் போட்ட எரிப்பு அடுப்பின் புகை நிற்கும்வரை பின்பக்கமே நின்றேன். வேன் போய்விட்டது. தார்ச்சாலைக்கு நடந்தேன். சவுக்குத் தோப்பருகே யாரும் இல்லை என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு, முட்டியில் கையூன்றிக் குனிந்து, வயிறு வலிக்கிற மட்டும் வாய்விட்டு இருமினேன்.