‘சீர்’ பிறந்த இறால் பண்ணை

கணினிகளை ஒழுங்குபடுத்துவது, சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத தொழில். பிழைத்தால் மட்டும் எல்லாருக்கும் எங்கள் பெயர் ஞாபகம் வரும். இதே தொழிலில் கண் சிவந்தவர்கள் ஆறுதலுக்காக வாசிக்கலாம்.

ஒரே கோப்பு

முந்தல் என்ற ஊரில் ஒரு இறால் பண்ணை. குளத்துத் தண்ணீரில் ஒக்சிசன் குறைகிறதா என்று பார்க்க எட்டுக் கணினிகள். உப்புக் காற்றில் அடிக்கடி ஒன்று படுத்துவிடும். புதியதை வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கையால் அமைப்பேன். அலுத்துப்போய், ஒரு கணினி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதினேன். அதை வாசித்துக் கணினியை அமைத்துவிடும் சிறு நிரலொன்றும் செய்தேன். ‘சீர்’ என்று பெயர் வைத்தேன்.

முதல் தடவை ஓடவிட்டபோது திரையில் வரிகள் மெல்ல மெல்ல ஏறின. ஜன்னலுக்கு வெளியே களப்பு நீர் அசையாமல் கிடந்தது. நானும் பண்ணைக்காரர் நிஸ்தார் நானாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். கணினி தானாகவே எழும்பி வேலையைத் தொடங்கியது.

“அப்ப தங்கச்சி, இனி நீங்க என்னத்துக்கு வாரீங்க?” என்றார் நானா.

முகம் தெரியாத திருத்தம்

சீரை யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டேன். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பின்னேரம் பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது போனில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு முறை ஓட்டினால் சீர் ஒரே வரியை இரண்டு தரம் எழுதிவிடுகிறது என்று கண்டுபிடித்து, திருத்தியும் அனுப்பியிருந்தார் பின்லாந்துக்காரர் ஒருவர். பெயர் ஒலாவி. பஸ் புறப்பட்டதுகூடத் தெரியாமல் அந்த நான்கு வரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை செய்யும் சபியா எட்டிப் பார்த்தாள்.

“பாலாவியில ஒலாவியா? பொய் சொல்லாதீங்க ராத்தா.”

நின்றுபோன சத்தம்

பிறகு எனக்குத் துணிவு கூடிவிட்டது. கோப்பில் இல்லாத எதையும் சீர் அழித்துவிட வேண்டும் என்று மாற்றினேன். ஒக்சிசன் குறைந்தால் எச்சரிக்கை மணியை அடிக்கவைக்கும் நிரலைப் பண்ணைக் கணினியில் யாரோ முன்பு கையால் போட்டிருந்தார்கள். அது கோப்பில் இல்லை. சீர் அதை அழித்துவிட்டது.

அடுத்த நாள் பகல் ஒக்சிசன் இறங்கியது, மணி அடிக்கவில்லை. குளத்து வரம்பில் நடந்துகொண்டிருந்த பண்ணைத் தொழிலாளி அன்ரன், இறால்கள் மேலே வந்து தவிப்பதைக் கண்டு ஓடிப்போய்த் தண்ணீர் கலக்கும் சக்கரங்களைப் போட்டார். அப்படியும் ஒரு குளத்தில் பாதி செத்துப்போயின. நான் போய் நின்றபோது அவர் வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சீரையே இணையத்திலிருந்து எடுத்துவிட நினைத்தேன். பிறகு, என் பிழையை எல்லாரும் பார்க்க அங்கேயே எழுதினேன். ஒலாவி உடனே பதில் போட்டார். அழிக்கப் போவதை முதலில் காட்டி, சம்மதம் கேட்கும்படி இருவரும் சேர்ந்து மாற்றினோம். அதைக் கொண்டுபோய் மணி நிரலைத் திரும்பப் போடும்போது அன்ரன் பக்கத்தில் வந்து நின்றார்.

“கெதியாப் போடுங்க மிஸ். அந்தச் சத்தம் இல்லாம எனக்குப் பகலிலயும் பயமாக் கிடக்கு.”

பின்னால் வெள்ளை

சீரின் பொறுப்பில் பாதியை ஏற்கும்படி கேட்கத்தான் ஒலாவியை முதன்முதலாக வீடியோவில் அழைத்தேன். உப்பளத்துக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், ஒரு மரத்தடியில் இருந்தேன். அவர் கம்பளிச் சட்டையோடு இருந்தார். சம்மதம் என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் குவிந்து கிடந்த வெள்ளைக் குன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் ஊரிலும் பனி பெய்யுமா?”

இன்று எங்கெங்கோ உள்ள கணினிகள் சீர் சொன்னபடி நடக்கின்றன, என் வீட்டுப் பிரின்டரைத் தவிர.